பின்னல் ஊசியா, தோல் உளியா?

பொழுதுபோக்காக ஒரு கைவேலை கற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முடிந்த பொருளைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். குழந்தையின் தலையில் இருக்கும் பின்னல் தொப்பி கண்ணைப் பறிக்கிறது. நண்பர் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் தோல் பர்ஸும் கண்ணைப் பறிக்கிறது. இரண்டில் எதைக் கற்கலாம் என்று கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பொருள் உருவாகும் வரை பல மணி நேரம் அதோடு உட்காரப் போவது நீங்கள். எங்கே உட்காருவீர்கள், எவ்வளவு நேரம் கிடைக்கும், கை தவறினால் என்ன ஆகும் என்பதை வைத்து முடிவெடுப்பதே நல்லது. ராயபுரத்தில் குடியிருப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கல்மண்டபம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் கை தவறுவதைப் பற்றிப் பேசிவிடுவோம். இரண்டு வேலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

பின்னல் என்பது ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டே போவது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் அடுத்தது. காசிமேட்டில் படகடியில் உட்கார்ந்து வலை செப்பனிடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஒவ்வொரு கண்ணியிலும் முடிச்சுப் போடுகிறார்கள். அதனால் ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணி அவிழாது. ஸ்வெட்டர் பின்னலில் முடிச்சே கிடையாது. ஊசியிலிருந்து ஒரு வளையம் நழுவினால் அதற்குக் கீழே உள்ளதும், அதற்கும் கீழே உள்ளதும் வரிசையாக அவிழ்ந்து இறங்கும். புதிதாகக் கற்பவர் இதைப் பார்த்துப் பதறிவிடுவார். பதற வேண்டியதில்லை. ஒரு குரோஷா ஊசியை எடுத்து, அடியில் நிற்கும் வளையத்தைக் கொக்கியில் மாட்டி, அவிழ்ந்த இழைகளை ஒவ்வொன்றாக அதற்குள் இழுத்து மேலே கொண்டுவந்தால் பின்னல் பழையபடி ஆகிவிடும். மொத்தமும் கோணலாகிவிட்டதா? நூலின் நுனியைப் பிடித்து இழுங்கள். முழுவதும் அவிழ்ந்து மீண்டும் நூலாகிவிடும். அதே நூலில் மறுபடி ஆரம்பிக்கலாம். நேரம் போகுமே தவிர, பொருள் வீணாகாது.

தோலில் இந்தச் சலுகை இல்லை. வெட்டியது வெட்டியதுதான். குத்தூசி ஒரு முறை இறங்கிவிட்டால் அந்தத் துளை காலத்துக்கும் நிற்கும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் குத்திவிட்டால் அதை மறைக்க வழியில்லை. அதனால் தோல் வேலை கற்றவர்கள் தப்பையெல்லாம் அட்டையிலேயே செய்து முடித்துவிடுகிறார்கள். பழைய நோட்டு அட்டையிலோ சட்டைப் பெட்டி அட்டையிலோ முதலில் பர்ஸை வெட்டி, மடித்து, உள்ளே கார்டை வைத்துப் பார்த்து, பிறகுதான் தோலில் கத்தி வைப்பார்கள். இந்தப் பொறுமை சிலருக்கு இயல்பாக வரும். சிலருக்குப் பெரும் பாரமாக இருக்கும். இரண்டாவது வகை ஆள் நீங்கள் என்றால், இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னலுக்குப் போங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இனி இடமும் நேரமும். பின்னலுக்கு இரண்டு ஊசியும் ஒரு நூல் பந்தும் போதும். ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். சத்தம் கிடையாது. மின்சார ரயிலில் உட்கார்ந்து பின்னலாம், ஸ்டான்லி மருத்துவமனையில் முறைக்குக் காத்திருக்கும்போது பின்னலாம், குழந்தை தூங்கும் ஒற்றை அறை வீட்டில் நள்ளிரவிலும் பின்னலாம். பத்து நிமிடம் கிடைத்தால் ஒரு வரிசை, வேலை வந்தால் அப்படியே கீழே வைத்துவிடலாம். வீட்டுவேலைக்கு நடுவே துண்டு துண்டாக நேரம் கிடைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை எனக்குத் தெரிந்து இல்லை.

தோலுக்கு ஒரே மூச்சாக இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். விரித்து வைக்க இடம் வேண்டும், கூர்மையான கத்தி குழந்தைகள் கைக்கு எட்டாத உயரம் வேண்டும். முள்கரண்டி போன்ற துளை உளியைத் தோலின் மேல் வைத்து மரச்சுத்தியலால் அடித்தால் வரிசையாகத் துளை விழும். அந்த அடி கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் இறங்கும். வாரியக் குடியிருப்பிலோ பொதுச்சுவர் உள்ள வீட்டிலோ இருப்பவர் இரவில் இதைச் செய்ய முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. உளியை மெல்ல அழுத்தி அடையாளம் மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் குத்தூசியைக் கையால் இறக்கலாம். நேரம் கூடும், சத்தம் இருக்காது. அடித்தே செய்வேன் என்பவர்களுக்கு அடியில் கனமான கல் வேண்டும். மிக்ஸி வந்தபின் மூலையில் கிடக்கும் அம்மிக்கல்லைக் கவிழ்த்து, அதன்மேல் ரப்பர் ஷீட் போட்டால் நல்ல அடிகல் கிடைத்துவிடும். அடி அதிராமல் நேராக இறங்கும், சத்தமும் குறையும்.

ஒட்டுவதற்குப் பயன்படும் சொல்யூஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் நெடி உடம்புக்கு ஆகாது. மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துத்தான் தடவ வேண்டும். ஜன்னல் இல்லாத அறையில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது.

பொருள் எங்கே கிடைக்கும் என்ற விஷயத்தில் ராயபுரத்துக்காரர் கொடுத்து வைத்தவர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் கிளம்பியது. அது போய்ச் சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. அந்தத் திசையில்தான் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரைத் தோல் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கும் மதராஸைச் சுற்றியும் பதனிட்ட தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்கு அதைத்தான் வாங்கினார்கள். அந்தத் தோலுக்கு இன்று தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடு இருக்கிறது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அங்கே இயங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. அடையாறில் 1948இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இந்தத் துறைக்குத் தலைமை ஆராய்ச்சிக்கூடம். இந்த நீண்ட கதையின் சில்லறைக் கடை பெரியமேடு. சென்ட்ரலைத் தாண்டியதும் வந்துவிடும். அங்கே தோல், நூல், பக்கிள், ஜிப், சொல்யூஷன் எல்லாம் கிடைக்கும். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். முழுத்தோல் வேண்டாம், பழகுவதற்குத் துண்டு போதும் என்று கேளுங்கள்.

கடையில் நிற்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பதனிடுவதில் இரண்டு முறை உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை ஆகியவற்றின் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டது ஒன்று. குரோமிய உப்பில் சில நாட்களில் பதனிட்டது மற்றொன்று. கடையில் இருப்பதில் பெரும்பங்கு இரண்டாவது வகைதான். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் குரோம் தோல். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டதாக இருக்கலாம். மெருகு ஏற்றாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் சட்டென்று உறிஞ்சிக் கறுக்கும். புதிதாகக் கற்பவருக்குப் பட்டைத் தோலே நல்லது. ஓரத்தை ஈரமாக்கித் துணியால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போல் வழவழப்பாகும். அச்சுக் குத்தினால் பதியும். குரோம் தோல் மென்மையானது, நிறம் நிறமாகக் கிடைக்கும், தண்ணீரைத் தாங்கும். ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் அதன் ஓரம் மெருகேறாது. பெரும்பாலும் மடித்துத்தான் தைப்பார்கள்.

உல்லன் நூலிலும் இப்படி ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. சவுகார்பேட்டையிலோ உங்கள் தெரு ஃபேன்சி ஸ்டோரிலோ ‘உல்லன்’ என்று தரும் பந்து பெரும்பாலும் ஆட்டு ரோமம் இல்லை, அக்ரிலிக். நுனியில் தீ வைத்துப் பாருங்கள். ரோமம் என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், தொட்டால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக உறையும். பழகுவதற்கு அக்ரிலிக் நல்ல நூல்தான். மலிவு, இழுத்தால் நீண்டு கொடுக்கும், பலமுறை அவிழ்த்தாலும் தாங்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் வியர்த்த விரலில் அது ஒட்டிக்கொண்டு ஊசியில் நகராது. அப்போது பருத்தி நூலுக்கு மாறுங்கள். பருத்தி நீண்டு கொடுக்காது, முதலில் விரல் வலிக்கும். ஆனால் நம் ஊர் உடம்புக்கு ஏற்ற நூல் அதுதான்.

இரண்டுமே சுத்தமான கைகளோடு நம்மிடம் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டது. 1996இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மாசுபடுத்திய ஆலைகளை இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அக்ரிலிக் பெட்ரோலியத்திலிருந்து பிறப்பது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். உயிரினத்தின் தோலைத் தொட மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பருத்திப் பின்னல் இருக்கிறது, தயங்க வேண்டியதே இல்லை. தோலை எடுப்பவர்கள் துண்டுத் தோலில் தொடங்கினால், குப்பைக்குப் போவது ஒரு பொருளாகும்.

இப்போது செய்து பார்ப்போம். பின்னலில் முதல் பொருளாக மஃப்ளர் பின்னச் சொல்வார்கள். சென்னையில் மஃப்ளர் யாருக்கு? மார்கழி விடியற்காலையில்கூட நமக்கு அது அதிகம். நான் சொல்வது பச்சிளங்குழந்தைத் தொப்பி. பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு தலை வழியாக வேகமாக இறங்கும், எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் வேகமாக. ஏசி அறையில் வைத்திருக்கும் குழந்தைக்கு இது எந்த மாதத்திலும் தேவைப்படலாம். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். தொப்பி சற்று இறுக்கமாக, 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் ஊசியில் நடுத்தரப் பருமன் நூலால் பின்னினால் 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 20 வளையம் வரும். ஆக, 60 வளையம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நேர் வளையம் (நிட்), இரண்டு மறு வளையம் (பர்ல்) என்று மாற்றி மாற்றி 11 சென்டிமீட்டர் உயரம் வரை பின்னுங்கள். பிறகு இரண்டு இரண்டு வளையமாகச் சேர்த்துப் பின்னினால் 60 முப்பதாகும். ஒரு வரிசை சாதாரணமாகப் பின்னிவிட்டு, மறுபடி சேர்த்தால் 15. நூலை ஒரு கை நீளம் விட்டு வெட்டி, அந்தப் பதினைந்து வளையத்துக்குள்ளும் கோத்து இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும். பக்கத்தைத் தைத்துவிட்டால் தொப்பி தயார்.

இதற்குப் பருத்தி நூல்தான் எடுக்க வேண்டும். ரோமத்தின் பிசிறு குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போகக்கூடாது. குஞ்சம், மணி எதுவும் வேண்டாம். 1880இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை ராயபுரத்திலேயே இருக்கிறது. பின்னிப் பழகியபின் கொடுக்க ஆசைப்பட்டால், வாங்கிக்கொள்வார்களா, எந்த அளவு, எந்தத் துணி என்று முதலில் அங்குள்ள செவிலியரைக் கேளுங்கள். மருத்துவமனைக்கென்று சுத்த விதிகள் உண்டு.

தோலில் முதல் பொருள் கார்டு உறை. ஆதார் கார்டு, ஸ்மார்ட் ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் ஒரே அளவு, 8.6 சென்டிமீட்டருக்கு 5.4. தையலுக்கு இடம் விட்டு 10க்கு 7 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்தோல் போதும். மூன்று ஓரத்திலும் மெல்லிய கோடாகச் சொல்யூஷன் தடவி, ஒட்டும் பதம் வரும் வரை காத்திருந்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதுதான் எல்லோரும் செய்யும் அவசரம், பிடிக்காது. ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு இழுத்து, அதன்மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. மூன்று பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 60 துளை வரும். தொப்பிக்கு எத்தனை வளையமோ, இதற்கும் கிட்டத்தட்ட அத்தனை துளை. தைக்க வேண்டிய நீளத்தைப் போல் நான்கு மடங்கு மெழுகு நூல் எடுங்கள், இதற்கு ஒரு மீட்டர் ஆகும். நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. முதல் துளையில் நூலைப் பாதியாக நிறுத்திவிட்டு, அடுத்த துளையில் இடது ஊசியும் வலது ஊசியும் எதிரெதிராக அதே துளைக்குள் போய் வெளியே வர வேண்டும். பிறகு இரண்டு கையாலும் சமமாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒரே ஊசி முதலில் போக வேண்டும், வரிசை மாறினால் தையல் கோணும். குதிரைச் சேணம் தைத்தவர்கள் வழிவந்த தையல் இது. இயந்திரத் தையலில் ஒரு இடம் அறுந்தால் பக்கத்தில் இருப்பதும் தளர்ந்து வரும். இதில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

யாரிடம் கற்பது? இணையத்தில் வீடியோ ஏராளம். ஆனால் கை வேலையைக் கையிடம் கற்பதே மேல். பின்னலுக்கு, உங்கள் தெருவில் அந்தக் காலத்துக் கான்வென்ட் பள்ளித் தையல் வகுப்பில் படித்த அக்கா, அத்தை, பாட்டி யாராவது இருப்பார்கள். கேட்டால் மனம் குளிர்ந்து சொல்லித் தருவார்கள். சென்னையில் ஸ்வெட்டர் பின்னலைவிடக் குரோஷாவுக்கு ஆள் அதிகம் என்பதையும் கவனத்தில் வையுங்கள். ஊர் ஊராகப் பெண்கள் பின்னி அனுப்பிய சதுரங்களை இணைத்து, 2016இல் இந்த நகரத்தில்தான் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். இரண்டு ஊசி வசப்படாவிட்டால் ஒற்றைக் கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். அதில் ஊசி முனையில் ஒரு நேரத்தில் ஒரே வளையம்தான், நழுவும் பயம் குறைவு.

தோலுக்கு ஆசிரியர் தெருமுனையில் குடைக்கடியில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருக்கிறார். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோலைத் தொட்டவரைத் தீண்டாமல் ஒதுக்கிய சமூகம் நம்முடையது. தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைத்தவர்களுக்கும் தோல் உரித்தவர்களுக்கும் பறைக்கும் மிருதங்கத்துக்கும் தோல் கட்டியவர்களுக்கும் அந்தத் திறமைக்காகவே அவமானம் கிடைத்தது. இன்று அதே வேலை ‘லெதர் கிராஃப்ட்’ என்ற பெயரில் ஏசி அறை வகுப்பாக, கட்டணத்தோடு நடக்கிறது. வகுப்புக்குப் போவது தவறில்லை. ஆனால் கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தால் தோலின் ஓரம் மெல்லிசாகச் சீவப்படும், எந்தத் தோல் எந்தப் பக்கம் நீளும், சொல்யூஷன் எப்போது பதம் என்பதையெல்லாம் நாள் முழுக்கச் செய்து அறிந்தவர் அந்தத் தெருமுனைக்காரர். அவருடைய தையல் வேறு. கொக்கி உள்ள குத்தூசியால் நூலை வளையமாக இழுத்துப் பூட்டுவது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத பிற்பகலில் போய், “அண்ணே, எனக்கு இதைச் சொல்லித் தரமுடியுமா, நேரத்துக்குக் காசு தர்றேன்” என்று கேளுங்கள். வகுப்புக்குக் கொடுக்கும் கட்டணத்தை நினைத்துக் கணக்குப் போட்டு, அதற்குக் குறையாமல் கொடுங்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னல் சில நூறு ரூபாயில் தொடங்கும், பிறகும் நூலுக்குத்தான் செலவு. தோலுக்குக் கருவிகளுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். ஆனால் நல்ல உளியும் குத்தூசியும் ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு இருக்கும். பெட்டியாக விற்கும் மலிவான முப்பது கருவித் தொகுப்பு வேண்டாம். கத்தி, குத்தூசி, துளை உளி, இரண்டு ஊசி, இரும்பு ஸ்கேல் இவை ஐந்தும் தரமாக இருந்தால் போதும்.

என் முடிவு இது. துண்டு நேரம், சின்ன வீடு, கைக்குழந்தை, அடிக்கடி தவறும் கை என்றால் பின்னல். ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கிடைக்கும், மாடியில் ஒரு மூலை உண்டு, அளந்து அளந்து செய்யப் பிடிக்கும் என்றால் தோல். இரண்டுக்கும் வசதி உள்ள ராயபுரத்துக்காரர் என்றால் தோலையே எடுங்கள் என்பேன். பொருள் பெரியமேட்டில், ஆசிரியர் தெருமுனையில், செய்த உறை பன்னிரண்டு மாதமும் சட்டைப் பையில். இந்த வசதி வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் அமையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் வாங்கி வைக்காதீர்கள். கடற்கரை ஈரத்தில், அதுவும் பிளாஸ்டிக் கவருக்குள் கட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மழை நிற்கும்வரை அட்டையில் வெட்டிப் பழகுங்கள். தை மாதம் பெரியமேட்டுக்குப் போய், வாங்கிய தோலைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.